நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர்: யமஹாவா, டாஸ்காமா, ஃபாஸ்டெக்ஸா?

ஒரே கேசட்டில் நாலு சத்தங்களைத் தனித்தனியாகப் பதிந்து கலக்க உதவும் நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டரில் புது மெஷின் என்ற பேச்சே இனி கிடையாது. டாஸ்காம், யமஹா, ஃபாஸ்டெக்ஸ் எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். டாஸ்காம் வைத்த போர்ட்டாஸ்டூடியோ என்ற பெயர் இன்னும் கடையில் இருக்கிறது, ஆனால் அது எஸ்டி கார்டில் பதிவாகும் டிஜிட்டல் பெட்டி. ஆக நீங்கள் வாங்கப் போவது இருபத்தைந்து, முப்பது, சில சமயம் நாற்பது வருடப் பழசு. இதை முதலில் ஒப்புக்கொண்டால் "எந்த மாடல் நல்லது" என்ற கேள்வி பாதி அடிபட்டுப் போகும். டேப்பை ஓட்டும் ரப்பர் பெல்ட் மாற்றிய சாதாரண மெஷினை வாங்கலாம், பெல்ட் உருகிய பெரிய மெஷினை வாங்கவே கூடாது.

நான் வேலை செய்து பார்த்தவை மூன்று. முன்பு வைத்திருந்த ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15, இப்போது வீட்டில் இருக்கும் யமஹா எம்டி4எக்ஸ், நண்பருடைய டாஸ்காம் 424 மார்க் 2. ஸ்டூடியோ என்றால் பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை, கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்வதே இல்லை. பதிவது பாட்டு, ஆர்மோனியம், கிட்டார், ஜால்ரா, தைப்பூசம் நெருங்கினால் உறுமி. லேப்டாப்பில் இதெல்லாம் இன்னும் சுத்தமாக வரும் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: சரி, வரும், எனக்கும் தெரியும். நான் தேடுவது அந்தச் சுத்தத்தை அல்ல.

சாதாரண கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு ட்ராக், பி பக்கத்துக்கு இரண்டு ட்ராக், எல்லாம் 3.81 மில்லிமீட்டர் அகல டேப்பில். இந்த மெஷின்கள் நாலையும் ஒரே திசையில் ஒன்றாகப் பதியும், அதனால் கேசட்டைத் திருப்பிப் போடும் வேலை இல்லை. 1979-இல் வந்த டாஸ்காம் 144 தான் இதை வீட்டுக்குக் கொண்டு வந்தது, அதுவும் டேப்பை வழக்கமான நொடிக்கு 4.76 சென்டிமீட்டருக்குப் பதில் 9.5-இல் ஓட்டியது. என்னைக் கேட்டால் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம் இந்த இரட்டை வேகம். டேப் வேகமாக ஓடினால் மேல் ஸ்தாயி தெளிவாக நிற்கும், இரைச்சல் குறையும், சுருதி ஆடுவதும் குறையும். பதிலுக்கு அறுபது நிமிடக் கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். ஒரு பாட்டுக்கு அது தாராளம்.

ஃபாஸ்டெக்ஸ் எக்ஸ்-15, 1983-இல் வந்தது. சின்னது, இலேசானது, விலையும் மற்றதைவிடக் குறைவு, எல்லாம் சரி. ஆனால் சாதாரண வேகம் மட்டும்தான், ஒரே நேரத்தில் இரண்டு ட்ராக் மட்டுமே பதியலாம், இரைச்சலைக் குறைக்க டோல்பி பி. கிட்டாரும் குரலும் அதில் மிருதுவாக, கேட்க இதமாகவே வந்தன. ஜால்ராதான் அடிபட்டது. மூன்று ட்ராக்கை நாலாவதில் கலந்து இறக்கி, காலியான மூன்றில் மறுபடி பதிவதுதான் இந்த மெஷின்களின் பழைய வித்தை. எக்ஸ்-15-இல் அப்படி ஒருமுறை இறக்கினாலே ஜால்ரா தகரத்தைத் துணியில் சுற்றித் தட்டுவது போல ஆகிவிடும். பாட்டு எழுதும்போது மெட்டைப் பிடித்து வைக்க மட்டும் வேண்டும் என்றால் எடுங்கள், மற்றபடி வேண்டாம். டாஸ்காம் போர்ட்டா 02-க்கும் இதே தீர்ப்பு, அதில் இரைச்சலைக் குறைக்கும் வசதியே கிடையாது.

எம்டி4எக்ஸும் 424 மார்க் 2-வும் வேறு ரகம். இரண்டிலும் இரட்டை வேகம் உண்டு, நாலு ட்ராக்கையும் ஒரே நேரத்தில் பதியலாம், இரைச்சலுக்கு டிபிஎக்ஸ். டிபிஎக்ஸ் போட்டால் டேப் இரைச்சல் நிஜமாகவே காணாமல் போகிறது, ஆர்மோனியம் நின்ற பிறகு வரும் அமைதியில் அது நன்றாகத் தெரியும். ஆனால் உறுமியிடம் அது தோற்றுவிடுகிறது. பதியும்போது சத்தத்தைச் சுருக்கி, கேட்கும்போது விரிப்பதுதான் அதன் வேலை. உறுமியின் அந்தத் தேய்க்கும் அடிச்சத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கும் இரைச்சலும் கூடவே மூச்சு விடுவது போல ஏறி இறங்கும், ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதுதான் கேட்கும், பாட்டு கேட்காது. இந்த வகை மெஷின்களில் நாலாவது ட்ராக்குக்கு மட்டும் டிபிஎக்ஸை அணைக்கும் வசதி இருக்கும், டிரம் மெஷினோடு சேர்ந்து ஓட்டுவதற்கான சிங்க் சத்தத்துக்காக வைத்தது. நான் அதில் உறுமியைப் போடுகிறேன். டேப் கொஞ்சம் திணறும் அளவுக்கு லெவலைத் தள்ளிப் பதிந்தால் இரைச்சல் அடியில் போய்விடும், உறுமிக்கும் ஒரு முரட்டுத்தனம் வரும். இதற்காகவே நான் இந்தப் பெட்டியை விற்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டில் எது? காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கையில் 424 உறுதியாகத் தெரிகிறது, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்களும் கொஞ்சம் நன்றாக நகர்கின்றன. ஆனால் 424 வரிசைக்கு இப்போது கேட்கும் விலை நியாயமே இல்லை. கிட்டார்காரர்கள் அதை டேப்புக்காக வாங்குவதில்லை, கிட்டாரை நேராகச் சொருகி அந்த மிக்ஸர் பகுதி கரகரக்கும் சத்தத்துக்காக வாங்குகிறார்கள். 2024-இல் அமெரிக்காவின் ஜேஹெச்எஸ் நிறுவனம் அதை மட்டும் காப்பியடித்து ஒரு கிட்டார் பெடலே போட்டுவிட்டது. அந்தச் சத்தம்தான் வேண்டும் என்றால் பெடலை வாங்கிக்கொள்ளுங்கள், மெஷினை டேப்பில் பதிகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். என் காசு யமஹாவுக்குத்தான்.

எட்டு ட்ராக் மெஷின்களும் உண்டு, டாஸ்காம் 488, யமஹா எம்டி8எக்ஸ். அதே குறுகிய டேப்பில் எட்டு கோடு என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இனி வாங்கும் இடம். பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் எப்போதாவது ஒன்று தென்படும், மற்றபடி இணையத்தில் தனியார் விற்பதுதான். எங்கே வாங்கினாலும் ஹெட்ஃபோனும் ஒரு பழைய பாட்டுக் கேசட்டும் கையோடு இருக்கட்டும். "சுத்துது பாருங்க தம்பி, வேற என்ன வேணும்" என்பார்கள். சுற்றினால் போதாது. "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று கேட்டு, டிபிஎக்ஸை அணைத்துவிட்டு அந்தக் கேசட்டைப் போட்டு நாலு ட்ராக்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் இரண்டில் பாட்டு நேராகவும், மூன்றிலும் நாலிலும் அடுத்த பக்கப் பாட்டு தலைகீழாகவும் வர வேண்டும். ஒரு ட்ராக் மட்டும் மங்கலாக இருந்தால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு அல்லது தேய்மானம். அழுக்கு என்றால் ஆல்கஹால் போதும், தேய்மானம் என்றால் நடையைக் கட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு ட்ராக்கிலும் பதிந்து பார்க்க வேண்டும், ஓடும் ஆனால் பதியாது என்ற கேஸ் நிறைய. அதற்கு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைவிட நல்ல கருவி கிடையாது. அரை நிமிடம் சுருதியைப் பதிந்து திரும்பக் கேட்டால் பெல்ட்டும் ரப்பர் ரோலரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சங்கீதக் காது உள்ள யாருக்கும் தெரிந்துவிடும். கேசட்டின் கடைசி வரை ரீவைண்ட் செய்தும் பாருங்கள், முடியும் இடத்தில்தான் மோட்டார் திணறும்.

ஜப்பானிலிருந்து வரவழைப்பவர்கள் கரண்ட்டைக் கவனியுங்கள். அங்கே 100 வோல்ட், மலேசியாவில் நமக்கு 230 முதல் 240. மின்மாற்றி உள்ளேயே இருக்கும் மெஷின் என்றால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி தேவை. வெளி அடாப்டர் என்றால் வோல்ட்டும், பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பதும் பார்த்து இங்கேயே வாங்கிவிடலாம். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணைய இறக்குமதிக்கும் 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீத விற்பனை வரி உண்டு, கப்பல் கூலி தனி.

கேசட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இந்த மெஷின்கள் குரோம் என்று சொல்லும் டைப் 2 டேப்புக்காகச் செட் செய்யப்பட்டவை, டிடிகே எஸ்ஏ, மேக்ஸெல் எக்ஸ்எல் 2 போன்றவை. வீட்டில் கிடக்கும் பழைய பாட்டுக் கேசட்டுகள் பெரும்பாலும் டைப் 1, அவற்றில் பதிந்தால் மெஷின் மேல் தப்பு சொல்வீர்கள். அழிப்பதைத் தடுக்கும் பள்ளத்தை ஒட்டி இன்னொரு பள்ளம் இருந்தால் டைப் 2 என்று அடையாளம். 120 நிமிடக் கேசட்டைத் தொடாதீர்கள், டேப் மெல்லிசு, இழுபடும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் டேப்பில் பூசணம் பிடிக்கும், சும்மா கிடக்கும் பெல்ட் தார் போல உருகி அது சுற்றும் சக்கரத்தை அப்பிக்கொள்ளும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுக் கேசட்டை வையுங்கள், மெஷினை அடிக்கடி ஓட்டுங்கள். பெல்ட் இணையத்தில் கிடைக்கிறது, மாற்றிக் கொடுக்கும் ரேடியோ ரிப்பேர்காரர்தான் கிடைப்பதில்லை. எனவே மெஷினுக்குப் பணம் கட்டும் முன்பே அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, மாடலைச் சொல்லி, கை வைப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.