கனடாவில் மருந்தாளுநர் உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்

கனடாவில் மருந்தாளுநராகப் பதிவு செய்து, வேலையும் வாங்கித் தந்து, குடும்பத்தோடு அனுப்பி வைப்பதாகச் சொன்ன சென்னை ஏஜென்சி ஒன்றுக்கு 2022 அக்டோபரிலிருந்து 2023 ஜூன் வரை மூன்று தவணைகளில் 3,60,000 ரூபாய் கட்டினேன். அதில் இரண்டு தவணை நகைக்கடன். இன்றுவரை என் பெயரில் அவர்கள் செய்து முடித்த வேலைகளில் ஒன்றுகூட மருந்தாளுநர் உரிமத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைப்பதாக இல்லை. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் எழுதுகிறேன். பெயரைவிட அதுதான் அடுத்தவருக்குப் பயன்படும், ஏனென்றால் இதே விதத்தில் வேறு பெயர்ப் பலகைகளின் கீழும் நடக்கிறது என்று என் வகுப்புத் தோழிகள் மூலம் அறிகிறேன்.

நான் 2013இல் பி.பார்ம் முடித்து, தமிழ்நாடு மருந்தாளுநர் கவுன்சிலில் பதிவு செய்து, திருச்சியில் தனியார் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். ஏஜென்சிக்குப் போன முதல் நாளிலேயே கவனித்திருக்க வேண்டிய இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் விட்டேன். ஒன்று, காத்திருந்தவர்களில் இரண்டாண்டு டி.பார்ம் டிப்ளமோ மட்டும் படித்த இரண்டு பையன்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் ஒரே வாக்குறுதி, ஒரே கட்டணம். கனடாவின் மருந்தாளுநர் தேர்வுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்பது ஒன்றும் இரகசியமில்லை. இரண்டாவது, மேலாளரின் தலைக்கு மேல் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழ். கனடா குடியேற்ற ஆலோசகர்களை முறைப்படுத்திய பழைய அமைப்பின் பெயரில் அது இருந்தது. அந்த அமைப்பின் இடத்துக்கு 2021 நவம்பரிலேயே குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி என்ற புதிய அமைப்பு வந்துவிட்டது. சான்றிதழில் இருந்த பெயர் அந்த அலுவலகத்தில் யாருடையதும் இல்லை. "எங்கள் கனடா கிளையில் இருக்கிறார்" என்றார்கள். புதிய அமைப்பின் பொதுப் பதிவேட்டில் எந்த ஆலோசகரின் பெயரையும் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரிந்தபோது பணம் கைமாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதலில் அவர்கள் எனக்கு அமெரிக்காவைத்தான் விற்கப் பார்த்தார்கள். 2003 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பிறகு பட்டம் பெற்ற வெளிநாட்டு மருந்தாளுநர்களிடம் அமெரிக்கா குறைந்தது ஐந்தாண்டு மருந்தியல் பட்டத்தைக் கேட்கிறது, நம் பி.பார்ம் நான்கே ஆண்டு. "எம்.பார்ம் சேர்ந்து படித்துவிடுங்கள், நான்கும் இரண்டும் ஆறு" என்றார் மேலாளர். மேற்படிப்பு அந்தக் கணக்கில் சேராது. 2008இல் இங்கே தொடங்கிய ஆறாண்டு பார்ம்.டி படித்தவர்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கிறது. எனக்கு மீண்டும் கல்லூரிக்குப் போகும் நிலை இல்லாததால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது, இல்லாவிட்டால் இரண்டு வருடப் படிப்புச் செலவும் இந்தக் கணக்கில் ஏறியிருக்கும். நான்காண்டு பட்டத்தைக் கனடா ஏற்றுக்கொள்ளும் என்று அவர் அடுத்துச் சொன்னது மட்டும் உண்மை. அந்த ஓர் உண்மையை நம்பித்தான் மற்றவற்றையும் நம்பினேன்.

படிப்பை மதிப்பிடுவது, தொழில் உரிமம் தருவது, விசா தருவது ஆகிய மூன்றையும் அங்கே மூன்று வெவ்வேறு இடங்கள் செய்கின்றன. கியூபெக் தவிர்த்த மாகாணங்களுக்குப் பட்டத்தை மதிப்பிடுவதும் தேசியத் தேர்வுகளை நடத்துவதும் டொராண்டோவில் இருக்கும் கனடா மருந்தியல் தேர்வு வாரியம், நம்மவர்கள் பி.ஈ.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். உரிமம் தருவது ஒவ்வொரு மாகாணத்திலும் உள்ள மருந்தாளுநர் ஒழுங்குமுறை அமைப்பு. விசா மத்திய அரசின் குடியேற்றத் துறையிடம். இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி "லைசென்ஸ் பேக்கேஜ்" என்று விலை வைத்ததுதான் இந்த ஏமாற்றின் முதுகெலும்பு. எந்த வேலை முடிந்தது, எது முடியவில்லை என்று கேட்டால், மூன்றில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்த காகிதத்தைக் காட்டி மற்ற இரண்டும் நகர்வதாகச் சொல்லிவிடலாம் அல்லவா?

முதல் தவணை கட்டிய இரண்டாம் வாரத்திலேயே "கனடாவில் உங்கள் நம்பர் வந்துவிட்டது" என்று ஓர் எண்ணை அனுப்பினார்கள். வீட்டில் பாயசம் வைத்தோம். அந்த எண், வெளிநாட்டில் படித்த மருந்தாளுநர்கள் தொடக்கத்தில் சேர வேண்டிய தேசிய நுழைவாயில் தளத்தில் பெயரைப் பதிந்து கட்டணம் செலுத்தினால் கிடைக்கும் அடையாள எண். விண்ணப்பத்துக்கு அது தேவைதான், ஆனால் இரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் கணக்குத் தொடங்குவதைப் போன்றது. பயணமும் அல்ல, டிக்கெட்டும் அல்ல. அந்தக் கணக்கையும் அவர்களே உருவாக்கிய ஒரு மின்னஞ்சல் முகவரியில் தொடங்கியிருந்தார்கள். கடவுச்சொல்லைக் கேட்டபோது "கம்பெனி பாலிசி" என்றார்கள். என் பெயரில் உள்ள கணக்கின் கடவுச்சொல் எனக்கு ஏன் தரப்படவில்லை என்று அன்று நான் சண்டை போட்டிருந்தால் இரண்டாம், மூன்றாம் தவணைகளாவது மிஞ்சியிருக்கும்.

பிறகு டிரான்ஸ்கிரிப்ட். பல்கலைக்கழகத்திடமிருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் ஆவணம் வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். அவர்களே பூர்த்தி செய்து தந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டு, விடுப்பு எடுத்து, கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நானே நேரில் போய்க் கட்டணம் கட்டிவிட்டு வந்தேன். உறை அனுப்பப்பட்டது, சில மாதங்களில் "அசெஸ்மென்ட் ரிப்போர்ட்" என்று அழகான தாள் ஒன்றும் வந்தது. என் பட்டம் கனடாவின் இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று அதில் எழுதியிருந்தது. மூன்றாம் தவணையை மறுநாளே கட்டினேன்.

விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது வேறொரு வழியில். 2024 ஜனவரியில் குடியேற்ற விண்ணப்பத்தின் வரைவைக் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். நான் வாழ்நாளில் நுழைந்தே இராத ஒரு சென்னை மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் கிளினிக்கல் பார்மசிஸ்டாக வேலை செய்ததாக அதில் இருந்தது. அனுபவக் கடிதம் கூடத் தயாராக இணைத்திருந்தார்கள். "பாயிண்ட்ஸ் ஏறும் மேடம், எல்லாரும் செய்றதுதான்" என்றார் ஏஜென்சியில் இருந்த பெண். கனடாவின் குடியேற்ற, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி பொய்த் தகவல் தந்தது தெரிந்தால் ஐந்து ஆண்டுகள் அந்த நாட்டுக்குள் அனுமதி இல்லை, அந்தக் காலத்தில் நிரந்தரக் குடியிருப்புரிமைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. தண்டனை ஏஜென்சிக்கு இல்லை, கையெழுத்துப் போட்டவருக்கு. பயந்துபோய், கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் மூத்தவரும் இப்போது ஒன்டாரியோவில் மருந்தாளுநராக இருப்பவருமான அக்கா ஒருவரைப் பிடித்துப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, அந்தக் கவர் மேல யார் அட்ரஸ் எழுதியிருந்துச்சு?"

கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படிவத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உறை போயிருந்தது தேர்வு வாரியத்துக்கு அல்ல. எந்தப் பட்டத்தையும் மதிப்பிடும் பொதுவான நிறுவனமான வெஸ்ஸுக்கு. அந்த நிறுவனத்தின் மேல் ஒரு குறையும் இல்லை, கேட்டதை அவர்கள் செய்து தந்தார்கள். ஆனால் எனக்கு அந்த அறிக்கையால் பயன் இல்லை: மருந்தாளுநர் என்பதையே முதன்மைத் தொழிலாகக் காட்டி, உரிமம் தேவைப்படும் வேலைக்குக் குடியேற விண்ணப்பிப்பவர் படிப்பு மதிப்பீட்டைத் தேர்வு வாரியத்திடமிருந்துதான் பெற வேண்டும் என்று கனடா குடியேற்றத் துறை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. பொது மதிப்பீடு எளிது, கையில் காட்ட ஒரு தாள் கிடைக்கும், அடுத்த தவணையை வாங்கலாம். அதற்காகத்தான் அந்த வழி. வாரியத்துக்கு அன்றே எழுதிக் கேட்டேன். என் பெயரில் எந்த விண்ணப்பமும் இல்லை என்று பதில் வந்தது.

ஆங்கிலத் தேர்விலும் இதே கதைதான். குடியேற்றத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். ஜெனரல் டிரெயினிங் போதும், ஆனால் மருந்தாளுநர் ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்பது அகாடமிக் வகையை. ஏஜென்சி என்னை எழுத வைத்தது முதல் வகை மட்டுமே, அதையும் "லைசென்ஸுக்கான ஐ.ஈ.எல்.டி.எஸ்." என்று சொல்லி. மதிப்பெண் நன்றாக வந்தது; இரண்டாவது தேர்வுக்கு மீண்டும் தனிச்செலவு.

நான் கேள்வி கேட்கத் தொடங்கியதும் ஏஜென்சியின் பேச்சு மாறியது. தேர்வு எல்லாம் கடினம், ஒன்டாரியோவில் ஒரு தனியார் கல்லூரியில் பத்து மாத பார்மசி அசிஸ்டென்ட் டிப்ளமோ சேர்ந்தால், பிறகு வேலை பார்க்கும் மருந்தகத்திலேயே மருந்தாளுநராக மாறிக்கொள்ளலாம் என்றார்கள். இது முன்னதைவிடப் பெரிய குழி. மருந்தாளுநர், உரிமம் பெற்ற பார்மசி டெக்னீசியன், உரிமம் எதுவும் தேவைப்படாத அசிஸ்டென்ட் என்று அங்கே மூன்று தனி நிலைகள் இருக்கின்றன. அசிஸ்டென்ட் படிப்பை முடித்தவர் மருந்தாளுநராகத் தானாக உயர்வதில்லை, தேசியத் தேர்வுகளை முதலிலிருந்து எழுதியே ஆக வேண்டும். தனியார் தொழிற்கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேலை அனுமதியும் பொதுவாகக் கிடைப்பதில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி வேறொரு ஏஜென்சியின் பேச்சை நம்பி இப்படித்தான் போனாள். பதினோராம் மாதம் திரும்பி வந்தாள். இங்கிலாந்தின் பெயரிலும் இந்த வியாபாரம் உண்டு: அங்கே வெளிநாட்டு மருந்தாளுநருக்கான பாதை, அதற்கென்றே உள்ள ஓராண்டு ஒஸ்பாப் படிப்பும், 52 வார மேற்பார்வைப் பயிற்சியும், பதிவுத் தேர்வும். அதற்குப் பதில் ஏதாவதொரு எம்.எஸ்சி. மருந்தியல் படிப்பில் சேர்த்துவிட்டுப் பதிவு கிடைக்கும் என்று சொல்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது இரசீதை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று இரசீதுகளிலும் "தொழில் ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. உரிமம், வேலை என்ற சொற்கள் எங்கும் இல்லை. அவை வாய்வார்த்தையிலும் வாட்ஸாப் குரல் பதிவுகளிலும் மட்டுமே இருந்தன, நல்லவேளையாக அந்தப் பதிவுகளை நான் அழிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும், வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர சேவைக் கட்டணமாக வாங்கக் கூடாது என்று வழக்கறிஞர் சொன்னபோதுதான், இரசீதில் "ஆலோசனை" என்ற சொல்லை ஏன் அவ்வளவு கவனமாகப் போட்டிருந்தார்கள் என்று புரிந்தது.

2024 மார்ச்சில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டம், ஏஜென்சி இருக்கும் ஊருக்கு அலையாமல் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் இல்லை. காவல்துறையிலும் தனியே மனு கொடுத்திருக்கிறேன். அசல் சான்றிதழ்களை வாங்குவதற்கு மட்டும் நான்கு முறை சென்னை போக வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, "தேடுகிறோம்" என்கிறார்கள்.

இதற்கிடையில் விண்ணப்பத்தை நானே தொடங்கிவிட்டேன், என் சொந்த மின்னஞ்சலில். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்டும் மருந்தாளுநர் கவுன்சிலிலிருந்து என் பதிவை உறுதிசெய்யும் கடிதமும் நேராக டொராண்டோவுக்குப் போயின. ஏஜென்சி 15 மாதங்கள் இழுத்தடித்த வேலைக்கு எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு நாள் விடுப்பும் கட்டணங்களும்தாம். இனி மதிப்பீட்டுத் தேர்வு, பிறகு எழுத்தும் நேர்முகச் செயல்திறனும் என இரண்டு பாகங்களாகத் தகுதித் தேர்வு, அதன்பின் மாகாணத்தின் சட்டத் தேர்வு, நடைமுறை மதிப்பீடு என்று பாதை நீளமானது. நான் படித்த பி.பார்மில் மாத்திரை செய்யும் வேதியியலே பெரும்பகுதி. அந்தத் தேர்வுகளிலோ எதிரில் நிற்கும் நோயாளியிடம் என்ன கேட்பது, எந்த மருந்தைத் தராமல் மருத்துவரை அழைப்பது என்பவையே முக்கியம். அதை யாரும் எனக்காகப் படித்துத் தர முடியாது என்பதால் இரவுப் பணி முடிந்து வந்து படிக்கிறேன்.

இதே போன்ற ஏஜென்சிக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் இன்றே இரசீதில் உள்ள தேதியைப் பாருங்கள். நுகர்வோர் புகாருக்கு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு. "அடுத்த மாதம் நிச்சயம்" என்று அவர்கள் இழுப்பதில் பாதி, அந்தக் கெடுவைக் கடத்துவதற்காக. குரல் பதிவுகளை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள், அவர்கள் வைத்திருக்கும் கடவுச்சொற்களை எழுத்துமூலம் கேளுங்கள், தேர்வு வாரியத்துக்கு நீங்களே எழுதி உங்கள் பெயரில் விண்ணப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு அந்தப் பதில் நான்கு நாட்களில் வந்தது.