புதுமைப்பெண், சி.எஸ்.எஸ்.எஸ்., இன்ஸ்பயர்: காரைக்குடிப் பக்கத்து பி.எஸ்சி. மாணவருக்கு எது தோது?

முதல் இரண்டிலும் தொகை ஒன்றுதான். தமிழக அரசு மாணவிகளுக்குத் தரும் புதுமைப்பெண்ணும், மாணவர்களுக்குத் தரும் தமிழ்ப் புதல்வனும் மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகையான சி.எஸ்.எஸ்.எஸ்.ஸும் இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000தான். வாசல்தான் வேறு. மாநிலத் திட்டத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் (அல்லது உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில்) படித்திருந்தால் போதும், மதிப்பெண் வரம்பு கிடையாது. சி.எஸ்.எஸ்.எஸ்.ஸுக்கு பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. புதுப்பிக்க ஆண்டுதோறும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

பலர் சறுக்குவது இங்கேதான். புதுமைப்பெண் வாங்குகிறவர் வேறு உதவித்தொகையும் வாங்கலாம். சி.எஸ்.எஸ்.எஸ். அதற்கு ஒப்புக்கொள்ளாது, மாநில உதவி வாங்கினாலே தகுதி போய்விடும். ஆகவே அரசுப் பள்ளிப் பிள்ளை மாநிலத் திட்டத்தைப் பிடித்துக்கொள்வதே லாபம். தனியார் பள்ளியில் படித்த, வசதி குறைந்த பிள்ளைக்குத்தான் சி.எஸ்.எஸ்.எஸ். முதுநிலையில் அது 20,000 ஆகும்போது கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

பட்டியலின, பழங்குடி மாணவர்கள், வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால், பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கட்டணமும் படியும் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விடவே கூடாது. சுயநிதிக் கல்லூரியில் அதன் அருமை தெரியும்.

எதுவானாலும் பணம் சிக்கி நிற்பது வங்கியில்தான். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்துசேர வேண்டிய கணக்காக அது என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பரிமாற்றக் கழகம்) பதிவில் இணைந்திருப்பது, அதாவது சீடிங் ஆகியிருப்பது வேறு. இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக சீடிங் செய்த கணக்குக்கே பணம் போகும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால் என்றிருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் தனி ரகம். ஆண்டுக்கு 80,000. அதில் 60,000 கையில் வரும். மீதி 20,000 கோடையில் ஒரு விஞ்ஞானியிடம் புராஜெக்ட் செய்து, அறிக்கையும் சான்றிதழும் கொடுத்தால்தான். ஆனால் பொதுவழி, பிளஸ் டூவில் வாரியத்தின் முதல் 1 சதவீதம். இயற்பியல், வேதியியல், கணிதம், விலங்கியல் போன்ற அடிப்படைப் பாடங்களுக்கே உண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் சேராது. கிராமத்துப் பள்ளியின் முதல் மாணவிக்கே எட்டாத கோடு அது. மற்றவர்கள் இதை நம்பி உட்கார வேண்டாம்.

புராஜெக்ட் செய்ய மட்டும் என்றால் இன்ஸ்பயர் தேவையில்லை. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் இரண்டு மாதம், உதவித்தொகையும் பயணச் செலவும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டிலேயே, கோடைக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பலர் மூன்றாம் ஆண்டில்தான் விழிக்கிறார்கள்.

உள்ளூரிலேயே சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து 1948-ல் கொண்டுவந்தது. பேட்டரி, துருப்பிடிப்பு, மின்முலாம் எல்லாம் அங்கே ஆய்வுப் பொருள்கள். வீட்டிலிருந்தே போய்வந்தால் விடுதிச் செலவு மிச்சம். கோடைக்கு இடம் கேட்டு ஜனவரியிலேயே எழுதுங்கள். “உங்களிடம் புராஜெக்ட் செய்ய ஆசை” என்று இருபது விஞ்ஞானிகளுக்கு ஒரே மெயில் போட்டால் பதில் வராது. ஒருவருடைய கட்டுரைச் சுருக்கத்தைப் படித்து, அதில் புரிந்தது ஒன்று, புரியாதது ஒன்று எழுதி, உங்கள் கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்தோடு அனுப்புங்கள்.