பிளிக்கர்ஸ்: பிள்ளைகள் கையில் அட்டை, டீச்சர் கையில் ஒரே ஒரு போன்

வகுப்பறைக்கு என்று வருகிற செயலிகளில் பாதிக்கு மேல், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு போன் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு செய்யப்பட்டவை. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் பள்ளியில் அது நடக்காது. வீட்டில் இருப்பதே ஒரு போன், அதுவும் விடிந்ததும் அப்பாவோடு வயலுக்கோ வேலைக்கோ கிளம்பிவிடும், 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு எடுத்தவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். பிளிக்கர்ஸ் (Plickers) என்பது, பிள்ளைகள் அட்டையைத் தூக்கிக் காட்டும் விடைகளைப் போன் கேமராவால் படித்து எண்ணித் தரும் செயலி, இதில் போன் ஆசிரியரிடம் மட்டும் இருந்தால் போதும். அதனால்தான் மற்ற ஆசிரியர்களும் இதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

விஷயம் சுலபம். பிளிக்கர்ஸ் தளத்திலேயே அட்டைகளை இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். நம் பாடப்புத்தகத்தில் 2018-லிருந்து வரும் கியூஆர் கோடு மாதிரி, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கறுப்பு உருவம், ஓரத்தில் ஒரு எண், நாலு பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எண்ணை வருகைப்பதிவு எண்ணோடு பொருத்திவிட்டால் யார் அட்டை எது என்ற குழப்பம் இல்லை. கேள்வி கேட்டதும், பிள்ளை தன் விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறது, நாம் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெல்ல ஓட்டினால் ஒவ்வொரு பெயரும் பச்சையிலோ சிவப்பிலோ திரையில் வந்துவிடும். உருவம் அட்டைக்கு அட்டை வேறு, எழுத்தும் பொடிசு, அதனால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற வேலை இங்கே எடுபடாது. யார் தப்பு என்பது என் போனில் மட்டும்தான் தெரிகிறது, கூச்சப்படுகிற பிள்ளைகள் பயமில்லாமல் அட்டையைத் தூக்குவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் வருமே, அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஒளிச்சேர்க்கைப் பாடம் முடித்தபிறகு இப்படி ஒரு கேள்வி போட்டேன்: அறுத்துக் காயவைத்த நெற்பயிரின் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண், தண்ணீர், காற்று, உரம். சமன்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான், ஆனால் போனை ஓட்டினால் பெரும்பாலும் சிவப்பு, அதிகம் பேர் பிடித்தது உரம். விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்று விட்டேன். "யூரியா போடலேன்னா பயிர் மஞ்சளாவே நிக்கும் டீச்சர், எங்க அப்பா சொல்லுவாரு" என்று ஒரு பையன் உறுதியாகச் சொன்னான், அவன் பார்த்ததும் உண்மைதான். உடனே பின் பெஞ்சிலிருந்து ஒரு பொண்ணு, "அப்ப வைக்கோலு வண்டி வண்டியா வருதே, அவ்ளோ உரமாடா போட்டீங்க?" என்று கேட்டாள். வகுப்பே அந்தக் கணக்கில் இறங்கிவிட்டது. மறுபடி அட்டை தூக்கியபோது காற்றுக்கு நிறையப் பேர் மாறியிருந்தார்கள். அதற்குப் பிறகு, இலை காற்றிலிருந்து எடுக்கும் கார்பன் டை ஆக்சைடுதான் வைக்கோலாகவும் நெல்லாகவும் ஆகிறது, யூரியா தரும் நைட்ரஜன் இலை பச்சையாக இருக்கத் தேவை, ஆனால் எடையில் அதன் பங்கு கொஞ்சம்தான் என்று விளக்கியதை அவர்கள் கேட்டவிதமே வேறு.

முதலில் தனியாக விடை, அப்புறம் பக்கத்தாரோடு பேச்சு, அப்புறம் மறுபடி விடை. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990களிலிருந்து பரப்பிய முறை இது. செயலியின் வேலை வேகமாக எண்ணித் தருவது மட்டுமே, கேள்வி சப்பையாக இருந்தால் எந்தச் செயலியும் காப்பாற்றாது. தப்பான விடைகள் மூன்றையும் பிள்ளைகள் நிஜமாகவே நம்புகிற தப்புகளாக வைக்க வேண்டும், எனக்கு நேரம் போவது அதில்தான்.

குறைகளும் உண்டு. இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு 5 கேள்விகள்தான், ஒரு பாடவேளைக்கு அது போதும் என்றாலும் திருப்புதல் சமயத்தில் தொகுப்பு தொகுப்பாகப் பிரித்து வைக்க வேண்டியிருக்கும். கேள்வியைத் தமிழில் தட்டச்சு செய்யலாம், படமும் சேர்க்கலாம், ஆனால் செயலியின் பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலம். நாலு விடைக்கு மேல் கிடையாது, அதனால் காரணம் எழுதச் சொல்வதற்கு நோட்டுதான். இணையம் வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும், அந்த நாட்களில் இதை மட்டும் நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். கரண்ட் போனால் பரவாயில்லை, கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனை ஓட்டினால் நடக்கும்.

ஆன்லைனில் பயன்படுத்த, பிள்ளைகளுக்கு இணைப்பு அனுப்பி அவரவர் போனிலிருந்து விடை வாங்கும் வசதியும் வைத்திருக்கிறார்கள். மழை விடுமுறைக்கு அது உதவும், ஆனால் கூகுள் ஃபார்ம் செய்யாத எதையும் அது பெரிதாகச் செய்யவில்லை, பழகிய ஃபார்மிலேயே இருங்கள்.

அச்செடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடட்டுமா என்று கேட்பார்கள், பளபளப்பான தாள் வேண்டவே வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா படிக்காது. மை நல்ல கறுப்பாக விழுந்த தாளை வாங்கிக் கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும். விரல் கறுப்பின் மேல் படாமல் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், முதல் நாள் பாடத்தை விட்டுவிட்டு, பிடித்த விளையாட்டு எது என்று ஏதாவது கேட்டு அட்டை பிடிப்பதைப் பழக்கலாம். பெயருக்குப் பதில் எண்ணை மட்டும் பதிவது நல்லது, சின்னப் பிள்ளைகளின் விவரம் வெளித்தளத்தில் எதற்கு.