பம்பலப்பிட்டியில் வாங்கிய பாவித்த மடிக்கணினியும் அதனுள் இருந்த விண்டோஸும்

கொழும்பு, பம்பலப்பிட்டியில் பாவித்த மடிக்கணினிகளைத் திருத்தி விற்கும் கடையொன்றில் அண்மையில் வாங்கிய கணினியைப் பற்றியும், அதனோடு சேர்த்து அவர்கள் வழங்கிய விண்டோஸ் நிறுவல் சேவையைப் பற்றியும் எழுதுகிறேன். கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் குறை சொல்லப்போகும் வழக்கம் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று.

வன்பொருளில் குறையில்லை. பற்றரி நன்றாக நிற்கிறது, தரவுகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி புதிது, ஆறு மாத உத்தரவாதத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தந்தார்கள். அதே பற்றுச்சீட்டில் 'விண்டோஸ், அக்டிவேஷன் உட்பட' என்று தனிக் கட்டணமும் இருந்தது. அக்டிவேஷன் என்பது விண்டோஸுக்கு முறையான உரிமம் இருப்பதை உறுதிசெய்து அதைச் செயற்படுத்துவது. வீட்டில் அமைப்புகளுக்குள் சென்று அக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தபோது, விண்டோஸ் செயற்படுத்தப்பட்டிருப்பதாகவும், அது 'உங்கள் நிறுவனத்தின் செயற்படுத்தல் சேவை' மூலம் நடந்திருப்பதாகவும் காட்டியது. எனக்கோ எந்த நிறுவனமும் இல்லை.

அந்த வாசகத்துக்குப் பின்னால் இருப்பது கேஎம்எஸ் என்னும் முறை. குறைந்தது 25 கணினிகளை வைத்திருக்கும் நிறுவனம், ஒவ்வொன்றையும் மைக்ரோசொப்டுடன் தனித்தனியே தொடர்புபடுத்தாமல், தன் வலையமைப்புக்குள் ஒரு சேர்வரை நிறுவி அதன் மூலமே எல்லாவற்றையும் செயற்படுத்திக்கொள்ளலாம். அனுமதி 180 நாட்களுக்குச் செல்லும், அதைப் புதுப்பிக்கக் கணினி ஏழு நாட்களுக்கு ஒருமுறை சேர்வரைத் தேடும். பதில் தருவது உண்மையான சேர்வர்தானா என்பதைக் கணினி போதிய அளவு சோதிப்பதில்லை. கடைக்காரர் ஓடவிடும் சிறு நிரல் அந்த ஓட்டைக்குள் புகுந்து, தானே சேர்வர் என்று நடிக்கிறது.

இத்தகைய நிரலை விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பானான டிஃபென்டர் கண்டால் அழித்துவிடும் என்பதால், அது இருக்கும் கோப்புறையை டிஃபென்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவைத்திருந்தார்கள். உரிமம் போலி என்பதைவிட இதுவே எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில், யார் எழுதியதென்றே தெரியாத ஒரு நிரலை நிர்வாகி அதிகாரத்தோடு விட்டுவிட்டு, காவற்காரனிடம் அந்த அறைப்பக்கம் போகாதே என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்தக் கணினிக்குச் சொந்த உரிமம் இருந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய தயாரிப்பாளர்கள் கீயை, அதாவது உரிமத்துக்கான குறியீட்டை, மதர்போர்ட்டில் நிலையாக இருக்கும் அடிப்படை மென்பொருளான பர்ம்வெயாரிலேயே பதித்து அனுப்புகிறார்கள். அதே பதிப்பை நிறுவினால் விண்டோஸ் தானாகவே அதை எடுத்துக்கொள்ளும். என் கணினியில் பதிந்திருந்தது புரோ பதிப்புக்கான கீ. கடையில் போட்டதோ பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்பு. திரும்பிச் சென்று கேட்டபோது, "எல்லா மெஷினுக்கும் ஒரே பென் டிரைவிலதான் அண்ணா போடுறம்" என்றார் அங்கிருந்த தம்பி. ஏமாற்றும் எண்ணத்தைவிடச் சோம்பலே அதில் தெரிந்தது. எஸ்எஸ்டியை முழுவதும் அழித்துப் புரோ பதிப்பை நிறுவித் தந்தார்; இணையத்தோடு இணைத்த உடனேயே டிஜிட்டல் உரிமம் என்று காட்டியது. மேலதிகமாகப் பணம் கேட்கவில்லை, முதலில் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

மேசையில் மலிவு விலைக் கீ அட்டைகளும் இருந்தன. அவை கணினித் தயாரிப்பாளர்களுக்கான ஓஈஎம் வகையா, தனியாக விற்கப்படும் ரீட்டெயில் வகையா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஓஈஎம் உரிமம் முதலில் ஏறிய கணினியோடு முடிந்துவிடும். ரீட்டெயிலை வேறு கணினிக்கு மாற்றலாம். பழைய விண்டோஸ் 7 ஸ்டிக்கரிலுள்ள கீயைக் கொண்டு புதிய பதிப்பைச் செயற்படுத்தும் வழியையும் மைக்ரோசொப்ட் 2023 இல் மூடிவிட்டது. அலுவலகத்துக்கு வாங்குபவர்கள், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ராம் நினைவகமோ எஸ்எஸ்டியோ மாற்ற வேண்டுமென்றால் அங்கே தயங்காமல் போகலாம். கணினி வாங்குவதானால், பணம் செலுத்துவதற்கு முன் அக்டிவேஷன் பக்கத்தைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். போயா தினங்களில் கடை பூட்டு.