இரிடியம் பிளக்: ஓடும்வரை தங்கம், கழற்றும்போது தலைவலி

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போவது பெரும்பாலும் ஆதங்கம்தான். என்னுடைய காடி பழைய பெரோடுவா மைவி கார், 2005-இல் வெளிவந்த அந்த முதல் வடிவம், 1.3 இன்ஜின். அதில் இரிடியம் பிளக், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் முனைக்கு இரிடியம் உலோகம் வைத்த வகை, போட்டுப் பல வருடம் ஓட்டிவிட்டேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டத்துச் சாலைகள், மழைக்காலச் சேறு, வாரக் கடைசியில் ஈப்போ, எல்லாவற்றையும் பார்த்த பிளக் அது. காலையில் முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஏர்கோன் போட்டுச் சிவப்பு விளக்கில் நின்றாலும் நடுக்கம் இல்லை. இப்போது கழற்றிப் பார்த்தால் நடு முனை அநேகமாகப் புதிதில் இருந்தபடியே இருக்கிறது. இரிடியம் 2,446 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதனால்தான் சாதா பிளக்கில் 2.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் முனையை இதில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. பொறி சுலபமாகத் தாவுகிறது, முனையும் தேய்வதில்லை. பிளக்கின் வேலையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை எல்லாம் அதைக் கழற்றுவதில் இருக்கிறது.

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்று சொல்லி விற்கிற பிளக்கை யாராவது நடுவில் தொடுவார்களா? தொடுவதில்லை. முனை தேயாமல் இருக்கும் அத்தனை வருடமும் பிளக்கைத் திருகிப் பொருத்தும் மரை என்ன பாடுபடுகிறது என்று எவரும் யோசிப்பதில்லை. பிளக்கின் உடம்பு எஃகு, அது திருகி உட்காரும் இன்ஜின் தலை (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம். சூடேறினால் அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிகிறது, ஆறினால் மறுபடி சுருங்கிப் பிடிக்கிறது. தினமும் இதே கதை. மேலே பிளக் உட்காரும் குழிக்குள் ஈரம் போய்த் தங்கினால் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே அரிப்பு பிடிக்கிறது. கீழே எரியும் அறைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி படிகிறது. கழற்றும்போது அந்தக் கரியும் கூடவே மரைக்குள் ஏறி வருகிறது.

எனக்குத் தொல்லை கொடுத்தது மூன்றாவது சிலிண்டர். மற்ற மூன்றும் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தன. இது கால் சுற்று வந்து, கிறீச்சென்று அலறி, அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் திருப்புகிறவர் இன்ஜின் தலையைத்தான் திருகிக்கொண்டிருக்கிறார், பிளக்கை இல்லை. அந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்தேன்.

பிறகு செய்த வேலை மெதுவான வேலை. முதலில் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். இல்லாவிட்டால் அங்கே கிடக்கும் மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் அடியைச் சுற்றிப் இடுக்கில் ஊறி இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் சில சொட்டு மட்டும் விட்டு, இரவு முழுக்க ஊற விட்டேன். காலையில் கொஞ்சம் உள்பக்கமாக இறுக்கி, பிறகு வெளிப்பக்கம் அரைக்கால் சுற்று. மறுபடி உள்ளே, மறுபடி ஆயில். முன்னும் பின்னும் போகப் போகக் கரி பொடியாகி ஆயிலோடு கலந்து மேலே வரும். அவசரப்பட்டு நீளக் குழாயை மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: பிளக் உடைந்து பாதி உள்ளே நிற்கும், அல்லது அலுமினிய மரை சுருள் சுருளாகப் பிளக்கோடு வந்துவிடும்.

சூடாக இருக்கும்போது கழற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சூட்டில் ஓட்டை பிளக்கைவிட அதிகம் விரிகிறது என்பது உண்மை. ஆனால் நன்றாகக் கொதித்த அலுமினியம் இளகியும் இருக்கிறது, மரை அப்போதுதான் உரிகிறது. ஆறிய இன்ஜின்தான் முதல் வழி. அசையவே மாட்டேன் என்றால் இரண்டு நிமிடம் ஓட்டி, கை வைத்தால் சுடாத இளஞ்சூட்டில் முயற்சி செய்யலாம்.

கடைசியில் அது வெளியே வந்தது. கையில் வைத்துப் பார்த்தபோதுதான் கோபமே வந்தது. மேலே அறுகோணத்தைச் சுற்றித் துரு வளையம். அதற்குக் கீழே வெள்ளைச் சாம்பல் மாதிரி அலுமினியப் பொடி. நடு மரைகளில் செம்புக் கிரீஸ் காய்ந்து பாறையாகிக் கிடக்கிறது. அடியில் இரண்டு மூன்று மரை முழுக்கக் கரி. வாஷரோ தகடாக நசுங்கியிருந்தது. முன்பு இதை மாட்டிய பட்டறையில் இறுக்கும் விசையை எண்ணில் காட்டும் டார்க் ரெஞ்ச் எடுக்கவே இல்லை. கிரீஸை அள்ளிப் பூசி, நீளமான ராட்செட்டில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இறுக்கினார்கள். நல்ல போர்மேன்கள் (மெக்கானிக்குகள்), இன்ஜின் சத்தம் கேட்டே நோயைச் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிளக் இறுக்குவது கைப்பலத்தைக் காட்டும் இடம் இல்லை.

அந்தக் கிரீஸ் விஷயத்தை விவரமாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் அது ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. என்ஜிகே போன்ற நிறுவனங்கள் தங்கள் பிளக் மரையில் முலாம் பூசித்தான் அனுப்புகின்றன, ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அந்த முலாம்தான். ஆன்ட்டி-சீஸ் என்று சொல்லப்படும், மரை ஒட்டாமல் இருக்கத் தடவும் இந்தக் கிரீஸ் வகையைத் தடவ வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். தடவினால் மரை வழுக்கும். டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் பிளக் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். முலாம் இல்லாமல் கறுப்பாக வரும் பிளக்குக்கு மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சு, அதுவும் முனைப் பக்கம் படாமல், இறுக்கும் அளவைக் குறைத்து. வெள்ளி மாதிரி பளபளக்கிற பிளக்குக்கு ஒன்றும் வேண்டாம்.

இறுக்கும் அளவு: தட்டையான வாஷர் உள்ள பிளக், அலுமினியத் தலை என்றால், 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. மோட்டார் சைக்கிளில் வரும் 10 மில்லிமீட்டர் மரைக்கு 10 முதல் 12 மட்டுமே. தோட்டத்தில் ஓடும் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள்களில் மரை போய்விட்டது என்று கேள்விப்படும் போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும். டார்க் ரெஞ்ச் இல்லையா, புதிய 14 மில்லிமீட்டர் பிளக்கைக் கையால் உட்காரும்வரை திருகி, அப்புறம் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்த வேண்டும். பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும்.

மாட்டும்போது நான் சாக்கெட்டைத் தொடுவதே இல்லை. பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி விரலால் திருகுவேன். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிக்கொள்ளும், மரைக்கு ஒன்றும் ஆகாது. நேராகப் பிடித்தால் வெண்ணெய் மாதிரி இறங்கும்.

குழிக்குள் ஈரம் போகாமல் பார்ப்பது பாதி வைத்தியம். கார் கழுவும் கடையில் இன்ஜின் மேல் அழுத்தத் தண்ணீர் பாய்ச்ச நான் விடுவதில்லை. வால்வ் மூடியின் ரப்பர் கசிந்தால் ஆயிலும் குழிக்குள் இறங்கும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைத் தூக்கும்போது அதன் ரப்பர் நனைந்திருந்தால் முதலில் அந்த ரப்பர் சீல்களை மாற்ற வேண்டும்.

தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருக்கும் என் மச்சான் பழைய மைவி ஒன்று வாங்கியிருக்கிறார். இரிடியம் போடலாமா என்று கேட்கிறார். கணக்குப் போட்டால் இரிடியம்தான் லாபம். ஒரு விஷயம் மட்டும் பார்த்து வாங்க வேண்டும்: நடு முனைக்கு எதிரே வளைந்து நிற்கும் கீழ்க்கம்பியிலும் பிளாட்டினம் வைத்த வகைக்குத்தான் அந்த ஒரு லட்சம் கிலோமீட்டர் கணக்கு. நடு முனை மட்டும் இரிடியமாக இருக்கும் பிளக்குக்கு அந்த ஆயுள் கிடையாது, இரண்டும் ஒரே கண்ணாடி அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

ஆனால் நான் இந்த முறை சாதா நிக்கல் பிளக்கைத்தான் மாட்டியிருக்கிறேன். பெட்ரோல் மிச்சமா, ஓட்டம் சுகமா என்று கேட்டால் இரிடியத்துக்கே என் ஓட்டு. இருந்தாலும் சாதா பிளக் 20,000 கிலோமீட்டரில் என்னைக் கட்டாயப்படுத்தித் திறக்க வைக்கும். மரை துடைக்கப்படும், குழி காயும், கசிவு கண்ணில் படும். இரிடியத்தையும் அப்படி நடுவில் கழற்றி மாட்டலாமே என்பார்கள். நன்றாக ஓடுகிற காடியை அப்படித் திறந்து பார்த்தவரை எங்கள் ஊரில் நான் இன்னும் சந்திக்கவில்லை. மரை ஒன்று உரிந்தால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போட்டுச் சரிசெய்ய வேண்டும், மோசமானால் தலையையே இறக்க வேண்டும். அந்தச் செலவுக்கு முன்னால் நான்கு பிளக்கின் விலை வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

மச்சானுக்கு நான் சொன்னது: எந்தப் பிளக் வேண்டுமானாலும் வாங்குங்கள், முதலில் இப்போது உள்ளே இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் எதை, எப்போது, எப்படி இறுக்கினார் என்பது அந்த மரையில்தான் எழுதியிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலமே ஆயில் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.