முட்டைச் சூறையைப் படமெடுக்க: 200-600 ஜூமா, 600 பிரைமா?

ஒரெகன் கடற்கரையில் நியூபோர்ட் பக்கத்து யக்வினா ஹெட். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே கடலில் நிற்கும் பாறை முழுக்க மர் என்ற கடற்பறவைகள். வெண்தலைக் கழுகு அதில் இறங்குவதை எடுக்க சோனியின் இரண்டு லென்ஸ்களையும் (200-600 மி.மீ. ஜூம், நெருக்கத்தை மாற்ற முடியாத 600 மி.மீ. பிரைம்) வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, 200-600 ஜூமை வாங்கினேன்.

விலை, எடை பற்றிப் பேச ஒன்றுமில்லை: 2019இல் இரண்டும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டபோதே ஜூம் சுமார் 2,000 டாலர், 600 எஃப்/4 பிரைம் சுமார் 13,000. எடை 2.1 கிலோ, 3 கிலோ. வெளிச்சத்தில் பிரைம்தான் ராஜா: எஃப்/4 என்ற அகலத் துளை ஜூமைவிட அதிக ஒளியை உள்ளே விடும். அது ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு, ஏற ஏறப் படம் புள்ளி தட்டும்) 1600இல் எடுப்பதை ஜூம் 4000இல் எடுக்க வேண்டும்.

ஆனால் சூறை நடக்கும் விதத்தைப் பாருங்கள். மர் கூடு கட்டாது, வெறும் பாறையில் ஒற்றை முட்டை, தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். கழுகு பெரும்பாலும் முட்டைக்காக வருவதில்லை, வளர்ந்த பறவையைத் தூக்கத்தான் வருகிறது. அது வந்ததும் மொத்தக் கூட்டமும் கடல் பக்கம் கொட்டிவிடும், காத்திருந்த கடற்காகங்கள் அந்த இடைவெளியில் புகுந்து முட்டைகளைக் கொத்திக்கொண்டு போகும். அதாவது பெரிய இழப்பு கழுகின் நகத்தில் இல்லை, அதன் முதுகுக்குப் பின்னால் காலியாகும் பாறையில் இருக்கிறது.

பிரைமில் எனக்குக் கழுகு அருமையாகக் கிடைத்தது, இறகு இறகாக. பாறை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டாவது கேமராவைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஜூமில் மணிக்கட்டை ஒருமுறை திருப்பினால் 600இலிருந்து 200க்கு வந்துவிடலாம். குழல் வெளியே நீளாததால் ஒற்றைக்கால் ஸ்டாண்டில் சமநிலையும் குலையாது. இடது ஓரத்தில் சின்னதாகக் கழுகு, நடுவில் சரியும் கூட்டம், கீழே நீலப்பச்சை முட்டையோடு ஒரு கடற்காகம், மூன்றும் ஒரே படத்தில் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பிரைம் என் கையில் இருந்தது இரண்டே காலைப் பொழுதுகள், இரண்டும் நல்ல வெயில். அந்தக் கரையில் ஜூன் மாத மூடுபனி சாதாரணம், அந்த மங்கலில் எஃப்/4 என் முடிவை அசைத்திருக்கலாம். கழுகின் முகம் மட்டும் போதும் என்பவருக்கும் பிரைம்தான் சரி.

நான் இப்போது கழுகு தெரிந்ததும் 600இல் இரண்டு நொடி எடுக்கிறேன், அப்புறம் அதை விட்டுவிட்டு வளையத்தைத் திருப்பிவிடுகிறேன்.