ஃப்ரூட்வேல் டாக்கோ கடை: சாப்பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம், பிள்ளைகளின் டம்ளருக்கு இரண்டு

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், பிள்ளைகளுக்கான பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் ஃப்ரூட்வேல் பகுதியின் மெக்சிகோ, குவாத்தமாலா வீட்டுப் பிள்ளைகள். இன்டர்நேஷனல் புலிவார்டில் உள்ள இந்தச் சின்னக் கடைக்குச் சனிக்கிழமை மதியம் மகளோடு போவது ஆறு வருடப் பழக்கம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்கோ என்றால் உள்ளே கறியோ காயோ வைத்து மடித்த மக்காச்சோள ரொட்டி. அந்த ரொட்டியைக் கண்ணெதிரே தட்டிச் சுட்டுத் தருகிறார்கள். சப்பாத்திக்கள்ளியின் மடலை வதக்கி வைக்கும் நோபாலஸ் டாக்கோவைக் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள்.

என் மனக்குறை கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று பெரிய கண்ணாடி ஜாடிகளில் உள்ள இனிப்புப் பானங்களைப் பற்றி. ஒன்றில் அரிசியும் பட்டையும் சேர்த்த ஓர்ச்சாட்டா. அடுத்ததில் நம் புளிச்சக்கீரை இனத்துப் பூவில் செய்யும் ஹமைக்கா. மூன்றாவது தமரிந்தோ, அதாவது புளித்தண்ணீர். சுக்கும் ஏலக்காயும் இல்லாத நம் பானகம் என்றே சொல்லலாம். மூன்றும் அருமையான ருசி. பூ, அரிசி, புளி என்று எல்லாமே வீட்டுச் சரக்கு என்பதால், சோடா வாங்கித் தராத அம்மாக்கள்கூட இதைத் தயங்காமல் தருகிறார்கள்.

கடைக்கார அம்மாவிடமே கேட்டேன். 20 லிட்டர் ஜாடிக்கு 2 கிலோ சர்க்கரை என்றார். அரை லிட்டர் டம்ளரில், ஐஸ் போக, 40 கிராம் வரும். 355 மில்லி கோக்கில் 39 கிராம். அமெரிக்க இதய சங்கம் 2016-இல் சொன்ன வரம்பு, 2 முதல் 18 வயது வரை, நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குக் கீழ். இங்கே பிள்ளைகளுக்கும் அதே பெரிய டம்ளர்தான், தீர்ந்தால் இலவசமாக இன்னொன்று. பிள்ளைகள் அதை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். பல்லுக்கு அதுதான் பெரிய கேடு. நான்கு வயதில் முன்பற்கள் கறுத்து, மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டிய பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். மனசு ஆறுவதில்லை.

கலிஃபோர்னியாவில் 2019 முதல், குழந்தைகளுக்கான சாப்பாட்டோடு கேட்காமலே தரும் பானம் தண்ணீராகவோ சர்க்கரை சேர்க்காத பாலாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. இந்தக் கடையில் குழந்தைகளுக்கென்று தனிச் சாப்பாடே இல்லை. அதனால் அந்தச் சட்டம் இங்கே எட்டவில்லை.

அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குழாய்த் தண்ணீரை நம்ப முடியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் பலர். இங்கேயும் குழாயைத் திறந்து பிள்ளைக்குக் கொடுக்கக் கை தயங்குகிறது. ஓக்லாந்துக்கு வருவதோ சியரா நெவாடா மலையிலிருந்து இறங்கும் மொகெலம்னி ஆற்றுத் தண்ணீர். சுத்திகரித்து, பல்லுக்கு நல்ல ஃப்ளூரைடும் சேர்த்து அனுப்புகிறார்கள். இதைக் கிளினிக்கில் தினமும் சொல்கிறேன்.

போன மாதம் அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிப் பேசினேன். "சரி, மிஹா" என்றார். நம் ஊரில் "கண்ணு" என்போமே, அதுபோல. இப்போது ஹமைக்காவை மட்டும் பாதிச் சர்க்கரையில் தனியாக ஒரு குடத்தில் வைக்கிறார். பலகையில் எழுதியிருக்காது, "கோன் போகா அசூகார்" (சர்க்கரை கொஞ்சமாக) என்று கேளுங்கள், கிடைக்கும். புளிப்பு தூக்கலாக, முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சின்ன டம்ளரும் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. வந்ததும் அந்த இரண்டு நட்சத்திரத்தை மாற்றி எழுதுவேன்.

நோபாலஸ் மதியம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும், முன்னாலேயே போய்விடுங்கள்.